வரப்பறியாப் பகை

நூறாண்டுக்கு முன் கோவை வட்டாரத்துப் பருத்திக் காடுகளில் ஆகஸ்ட் முதல் நாள் என்பது ஒரு தவணை நாள். கம்போடியாப் பருத்தி பயிரிட்டவர் அதற்குள் தம் காட்டில் நிற்கும் செடிகளை வேரோடு பிடுங்கி அழித்தாக வேண்டும். இன்னும் நாலு காய் வெடிக்கும், இன்னும் ஒரு தவணைப் பஞ்சு எடுக்கலாம் என்ற ஆசை யாருக்கும் இருக்கும். ஆயினும் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. தண்டைக் குடையும் கூன்வண்டும் காயைத் துளைக்கும் இளஞ்சிவப்புப் புழுவும் பழைய செடியில் தங்கி அடுத்த பட்டத்துக்குத் தாவிவிடும் என்பதே அக்கட்டளைக்குக் காரணம். 1919-இல் சென்னை மாகாணம் இயற்றிய வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் இத்தகைய கட்டளைகளை இடும் உரிமையை அரசுக்கு வழங்கியிருந்தது.

தன் நிலத்தில் தான் நட்ட செடியைப் பிடுங்கச் சொல்ல அரசு யார் என்ற கேள்வி அன்றும் எழாமல் இருந்திராது. அதற்குரிய விடை ஏரிக்கரையில் இருக்கிறது. ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்கு எதிரே உள்ள கரையை மட்டும் உயர்த்திக்கொண்டால் வெள்ளம் நிற்காது. தாழ்ந்த ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு எல்லார் வயலிலும் பாயும். பூச்சியும் அப்படித்தான். வரப்பு மனிதர் வகுத்த எல்லை. பூச்சி அதை அறியாது. ஒருவர் அழிக்காமல் விட்ட செடி ஊரார் காட்டுக்கெல்லாம் நாற்றங்கால் ஆகும். ஆகவே பயிரைக் காப்பது ஊர்ப்பொதுக் காரியம். ஊரின் ஆற்றலுக்கு மிஞ்சும்போது அரசின் காரியம்.

இந்த எளிய உண்மையிலிருந்து நாம் நெடுந்தொலைவு விலகி வந்துவிட்டோம். இன்று பயிர்க்காவல் என்பது உரக்கடையில் காசு கொடுத்தோ கடன் சொல்லியோ வாங்கும் சரக்கு. அரசு அந்தச் சரக்கின் உரிமத்தையும் தரத்தையும் பார்க்கிறது. பயிரைப் பார்ப்பவர் யார் என்று கேட்பதில்லை. நம் பயிர்ப் பாதுகாப்புச் சட்டங்களின் பெருங்குறை இதுவே.

தொடக்கத்தில் சட்டம் வாயிலைத்தான் பார்த்தது. அமெரிக்கப் பருத்தியை அழித்த மெக்சிகோக் காய்வண்டு இங்கே வந்துவிடக்கூடாது என்று, இறக்குமதிப் பருத்திப் பொதிகளுக்கு நச்சுப்புகையூட்ட வேண்டும் என 1906-இல் ஆணை பிறந்தது. 1914-இல் அழிவுப் பூச்சிகள், கேடுகள் சட்டம் வந்தது. அந்த அச்சம் வீணானதன்று. பாக்குநீரிணைக்கு அப்பால் இலங்கையில், 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் காப்பித் தோட்டங்களையே துடைத்தெடுத்ததை இந்நாடு கண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் திருத்திய மலைகளில் பின்னர் தேயிலை ஏறியது அந்த அழிவின் மேல்தான்.

வாயிலைத் தாண்டி வந்த பகையை வெல்லும் வழியையும் அக்காலமே காட்டியது. நீலகிரியில் சீகை மரங்களிலும் பழமரங்களிலும் பஞ்சு போன்ற செதிள்பூச்சி படர்ந்தபோது, அதனைத் தின்னும் பொறிவண்டு 1929-இல் கலிபோர்னியாவிலிருந்து தருவிக்கப்பட்டது, வளர்க்கப்பட்டது, விடப்பட்டது, வென்றது. அதே மலையில் தோல்வியும் உண்டு. 1961-இல் உதகையில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்ததோ 1971-இல். இடையில் பத்தாண்டு. அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். 2018-இல் இமாசலம், உத்தரகாண்டம், காசுமீர மலைகளின் விதைக்கிழங்கிலும் அதே நூற்புழு காணப்பட்டு, அங்கிருந்தும் விதை வெளியேறுவது தடுக்கப்பட்டது.

பிறகு சட்டத்தின் பார்வை திசைமாறியது. 1958-இல் பாரத்தியான் என்னும் கடும் பூச்சிக்கொல்லியும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. நஞ்சு கசிந்து மாவில் கலந்தது. அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேரளமும் சென்னை மாநிலமும் அதிர்ந்தன. விசாரணை நடந்தது. பத்தாண்டு கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது. 1971-இல் நடைமுறைக்கு வந்தது. அது பிறந்த வேளை அப்படிப்பட்டது. உணவில் நஞ்சு கலவாமல் காப்பதே அன்றைய தேவை. எனவே பதிவு, உரிமம், புட்டியின் முகப்பில் நிறக்குறி, கிடங்கு, போக்குவரவு என நஞ்சைச் சுற்றியே அச்சட்டம் வேலி கட்டிற்று. அது செய்த நன்மையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் இந்த நஞ்சு இந்தப் பயிருக்கு, இந்த நாளில் தேவைதானா என்று முடிவு செய்யும் ஒருவரை அது படைக்கவில்லை. அந்த இருக்கை காலியாகவே கிடந்தது. காலியிடத்தில் கடைக்காரர் அமர்ந்தார்.

எந்தச் சந்தை ஊருக்கும் காலையில் சென்று உரக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால் இது விளங்கும். கத்தரிக்காய் பயிரிட்டவர் வாடிய நுனித்தண்டு ஒன்றைப் பாலித்தீன் பையில் முடிந்து கொண்டுவருவார். கல்லாவில் இருப்பவர் பையைப் பிரித்தும் பாராமல், “எத்தனை டேங்க் அடிப்பீங்க?” என்பார். இரண்டு புட்டிகள் மேசைக்கு வரும். கூடவே, பயிர் செழிக்க என்று ஒரு ‘டானிக்’. தொகை பற்று வரவுக் குறிப்பேட்டில் ஏறும். அறுவடைக்குப் பின் கணக்குத் தீரும். கடன்பட்டவருக்கு, இது வேண்டாம், அது போதும் என்று சொல்லும் வாய் இல்லை. புட்டியோடு மடித்துத் தரப்படும் தாளில் பன்மொழிகளில் பொடியெழுத்தில் அச்சிட்ட அறிவுரைகளைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும். வயலில் அளவுகோல் புட்டியின் மூடி. மூடி என்ன கொள்ளும் என்பது மூடிக்கு மூடி மாறும். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு கைத்தெளிப்பானைச் சுமப்பவர் பெரும்பாலும் நிலத்துக்குரியவர் அல்லர், நாட்கூலிக்கு வந்தவர். இவ்வளவையும் ‘மருந்தடிப்பது’ என்று நம் மொழி மங்கலமாகச் சொல்கிறது. நஞ்சை மருந்தென்று அழைக்கும் ஊரில் மருத்துவர் இல்லாதது பெருங்குறை.

கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஊருக்குள் ஆண்டு முழுவதும் கதவு திறந்திருப்பது அவர் கடை ஒன்றே. ஐதராபாத்திலுள்ள மேனேஜ் என்னும் வேளாண் பயிற்சி நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பவர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. விற்பவருக்குக் கல்வித்தகுதி வேண்டும் என்று விதிகளும் திருத்தப்பட்டன. நல்லதே. ஆயினும் படிப்பு அறிவைத் தரும், நலன்முரணைத் தீர்க்காது. பூச்சி சிறிது, இயற்கை எதிரிகள் உண்டு, ஒரு வாரம் பொறுங்கள் என்பதே சரியான அறிவுரையாகும் நாட்கள் பல. அதைச் சொல்பவருக்கு அன்று விற்பனை இல்லை. நோய் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராயிருப்பதை மனித மருத்துவத்தில் நாம் ஏற்பதில்லை. பல மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது குற்றம். மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய பூச்சிக்கொல்லிப் புட்டிக்கோ எந்தச் சீட்டும் கேட்கப்பட்டதில்லை.

அதன் விலை எவ்வளவு என்பதை நாடு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2013-இல் பீகாரின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவில் அதே நஞ்சு கலந்து 23 குழந்தைகள் மாண்டனர். 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நம் பெரம்பலூர், அரியலூர் பருத்திக் காடுகளிலிருந்தும் சாவுச் செய்தி வந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகள் வானிலிருந்து பொழிந்த எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மோனோகுரோட்டோபாஸின் பெருவழக்கான 36 விழுக்காட்டுக் கரைசலை நடுவண் அரசு தடைசெய்ய 2023 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்த பிறகே கோப்பு எழுந்தது.

மாநில அரசுகளின் கை இதில் கட்டுண்டது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது; வயலில் தெளிக்கும் நஞ்சின் மீது இறுதி அதிகாரம் தில்லியில் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, மக்களுக்குக் கேடு விளைக்கும் ஒரு பூச்சிக்கொல்லியை மாநிலம் 60 நாளுக்குத் தடுக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். ஆகக் கூடுதலாக 90 நாள். அது ஒரு குறுவைப் பயிரின் ஆயுளினும் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன், தற்கொலைகளுக்குப் பெரிதும் பயன்பட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழக அரசு தடுத்தபோதும் அந்தத் தடையின் வாழ்நாள் 60 நாளே. பாசுமதி அரிசியில் நஞ்செச்சம் மிகுந்து வெளிநாட்டுச் சந்தை திருப்பியனுப்பும் என்றஞ்சிய பஞ்சாப் அரசு, 2022-இலும் அடுத்த ஆண்டுகளிலும் பருவந்தோறும் 60 நாள் தடையைப் புதுப்பிக்கும்படி ஆயிற்று. அடிப்படைச் சட்டத்தை மாற்றும் வரைவுகள் 2008-இலும் 2020-இலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன, இரண்டும் சட்டமாகவில்லை.

அரசு தன் கடமையைத் தானே ஏற்றுச் செய்தால் என்ன நேரும் என்பதற்கும் நம்மிடையே சான்று உண்டு. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். இலையின் அடியில், காயின் மேல், தண்டின் கணுவில் வெள்ளை மாவு அப்பியது போல் படர்ந்து சாற்றை உறிஞ்சும். பப்பாளியிலிருந்து மரவள்ளிக்கும் பருத்திக்கும், பட்டுப்புழு உண்ணும் முசுக்கட்டைக்கும் அது பரவிற்று. மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையில் நஞ்சு எளிதில் இறங்காது. அடித்தார்கள், மீண்டும் அடித்தார்கள். முசுக்கட்டைக்கு அடித்தால் பட்டுப்புழு சாகும். அடிக்காவிட்டால் இலை சாகும். இந்த இக்கட்டில் இரண்டாண்டு கழிந்தது.

2010-இல் பெங்களூரிலுள்ள நடுவண் ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகசு என்னும் குளவியைத் தருவித்தது. எள்ளினும் சிறியது அது; மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்று வெளிவரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பட்டு வளர்ச்சித் துறையும் கைகோத்து அதனைப் பெருக்கித் தோட்டந்தோறும் விட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. உழவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. கடையில் விற்க அதில் ஏதுமில்லாததால், அதற்கு விளம்பரப் பலகையும் இல்லை. குளவிக்கும் வரப்பு தெரியாது என்பதே வெற்றியின் மறைபொருள்.

ஆனால் அந்தப் பாடத்தை நாம் முழுதும் படிக்கவில்லை. தென் அமெரிக்க மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கானோர் உணவில் கைவைத்தது. பராகுவேயில் கண்டெடுத்த ஒரு குளவியைக் கொண்டு அதனை வென்றார் பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெர்ரன்; அதற்காக 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பகைவனும் தெரிந்தவன், படைக்கலமும் தெரிந்தது. அந்தப் பூச்சி 2020-இல் திருச்சூரில் காணப்பட்டு, குச்சிக்கிழங்கை நம்பிச் சவ்வரிசி ஆலைகள் ஓடும் சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக விட்டது 2022 மார்ச்சில். மறுபடியும் இரண்டாண்டு. நாற்பதாண்டு முன்பே விடை எழுதப்பட்ட வினாவுக்கு நாம் இரண்டாண்டு எடுத்துக்கொண்டோம். அந்த இரண்டாண்டும் உரக்கடைக்கே நல்ல பருவம்.

பொள்ளாச்சித் தென்னையில் 2016-இல் கண்ட சுருள் வெள்ளை ஈ, 2018-இல் சிவமொக்காவில் தொடங்கி அவ்வாண்டே நம் மக்காச்சோளத்தை மேய்ந்த படைப்புழு, மரவள்ளி மாவுப்பூச்சி என, ஐந்தாண்டுக்குள் மூன்று அயல்பகைகள் நம் பயிரில் இறங்கியிருக்கின்றன. தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை 2003-இல் வந்தது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் படைப்புழுவின் அந்துப்பூச்சி காற்றில் பறந்து வரும். அதை எந்தச் சுங்கச் சாவடியும் தடுக்க இயலாது. எனவே வாயிற்காவல் மட்டும் போதாது. வரக்கூடியவை எவை, வந்தால் எங்கே முதலில் தெரியும், அதன் இயற்கை எதிரி எங்கே கிடைக்கும், அதைத் தருவிக்கும் ஒப்புதல் முன்கூட்டியே ஆயத்தமா என்ற நான்கு வினாக்களுக்கு விடை கையில் இருப்பதே காவல்.

அரசின் கட்டளை எவ்வாறிருத்தல் வேண்டும், எவ்வாறிருத்தல் ஆகாது என்பதற்கு அயலில் இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் பொசுக்கியபோது, பூச்சிக்கொல்லிகளே சிலந்தி முதலிய எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்கின என்று அறிஞர் காட்டினர். 1986-இல் அந்நாட்டரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. அவற்றுக்கு அளித்த மானியத்தைப் படிப்படியாக 1989-க்குள் நிறுத்தியது. அத்தோடு நில்லாமல் வயலையே பள்ளியாக்கி உழவர்க்குப் பூச்சியையும் அதன் எதிரியையும் இனங்காணக் கற்பித்தது. நஞ்சு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. இலங்கையோ 2021-இல் செயற்கை உரத்தையும் பயிர் வேதிப்பொருளையும் ஒரே ஆணையில் நிறுத்தியது. மாற்று இல்லை, பயிற்சி இல்லை, கால அவகாசம் இல்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே ஆணை பின்வாங்கப்பட்டது. ஆயினும் நெல் விளைச்சல் சரிந்தது. இரண்டும் அரசு ஆணைகளே. ஒன்று உழவரைக் கைப்பிடித்து நடத்தியது. மற்றது இருட்டில் தள்ளிவிட்டது.

ஆகவே நாம் கேட்பது ஒரே இரவில் எல்லாவற்றையும் தடைசெய்யும் ஆரவாரம் அன்று. முதலாவதாக, ஒவ்வொரு வட்டாரத்திலும் விற்பனையோடு தொடர்பற்ற பயிர் மருத்துவர் ஒருவரை அரசு அமர்த்த வேண்டும். இது கனவன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிற்றூர்களில் பயிர் மருத்துவ மனைகளை நடத்திக் காட்டியுள்ளது: ஒரு மேசை, ஓர் உருப்பெருக்கி, உழவர் கொண்டுவரும் இலை, அதைப் பார்த்தபின் எழுதித் தரும் சீட்டு. உதவி வேளாண்மை அலுவலர்கள் இன்று மானியப் பட்டியலும் காப்பீட்டுப் படிவமும் செயலிப் பதிவுமாகச் சுழல்கிறார்கள். அவர்களை மீண்டும் வயலுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதாக, சிவப்பு, மஞ்சள் குறியுள்ள கொடிய நஞ்சுகளை அத்தகைய சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும். மூன்றாவதாக, தன் மக்களைக் கொல்லும் நஞ்சை நிலையாகத் தடுக்கும் உரிமை மாநிலத்துக்கு வேண்டும். நான்காவதாக, அயல்பகைக்கு எதிரான இயற்கை எதிரிகளைத் தருவிக்கும் ஒப்புதல் ஆண்டுக்கணக்கில் மேசை மாறலாகாது.

சீட்டு முறை வந்தால் உழவர் அலைக்கழியமாட்டாரா, அலுவலர் வருவதற்குள் பயிர் போய்விடாதா என்ற அச்சம் நேர்மையானது. அரசு அலுவலகத்தின் மூடிய கதவை அறிந்த எவரும் அதை எள்ளிவிட முடியாது. அதனால்தான் வரிசை முதன்மையாகிறது: முதலில் மருத்துவர், பிறகு சீட்டு. ஒரு நாளுக்குள் பயிரைப் பார்த்து விடை சொல்ல ஆள் அமர்த்தாத அரசுக்குச் சீட்டுக் கேட்கும் உரிமை கிடையாது. ஆளில்லாமல் விதி மட்டும் வந்தால் உழவருக்கு அது இன்னொரு தண்டம். இடைத்தரகருக்கு இன்னொரு வருவாய்.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் உழவரிடம் ஒரு கடமையைக் கேட்டது: உன் செடியைப் பிடுங்கு, ஊர்ப்பயிர் பிழைக்கட்டும் என்றது. அந்தக் கடமையை உழவர் நிறைவேற்றினார். அதற்கீடான கடமையை அரசு இன்னும் செலுத்தவில்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. அடுத்து வாசிக்கும் அறிக்கையில் வட்டாரத்துக்கொரு பயிர் மருத்துவருக்கான பணியிடமும் ஊதியமும் ஒரு வரியாக இடம்பெறட்டும்.